சுருட்டுப் பெட்டியில் அந்துருண்டை

புதன், இரவு.

நாளைக் காலை நண்பன் ராஜேந்திரன் வருகிறான். பதினொரு வருடத்துக்கு முன்பு என்னிடம் விட்டுப்போன சுருட்டுப் பெட்டியைக் கேட்பான். வருடக்கணக்கில் வைத்துப் பழுத்த சுருட்டைத் தன் மகள் கல்யாணத்தில் சம்பந்திக்குக் கொடுக்க வேண்டுமாம். செஞ்சிப் பாறை வெயிலில் காய்ந்துவிடாமல் வாராவாரம் உள்ளே பஞ்சை நனைத்து வைத்தேன். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடந்த இரண்டு மாதம் மட்டும் மனைவி சரோஜா பார்த்துக்கொண்டாள்.

வீடு திரும்பி இன்றுதான் திறந்தேன். அடியில் நான்கு அந்துருண்டை.

“பூச்சி அரிக்கும்னு போட்டேன். பட்டுப்புடவைக்குப் போட்றோம், சுருட்டுக்குப் போட்டா இன்னா?” என்றாள் சரோஜா.

சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தேன். பீரோவையே கொளுத்தியது போலிருந்தது.

சாயங்காலம் ராஜேந்திரன் போனில் கேட்டான்: “பெட்டி நல்லா இருக்குதாடா?”

“ஒரு பூச்சிகூட இல்லடா.”

முப்பது வருடமாகப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறேன். பொய் சொல்லாமலே உண்மையை இப்படி மறைத்ததில்லை. நாளை அவன் முன்னால் மூடியை நானே திறக்க வேண்டும்.