மருந்தடித்து ஆடிய இரண்டாம் பாதி

நேற்று மாலை என் மகள் பள்ளியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் வலிக்கு ஒரு ஸ்பிரே வாங்கி வந்து அவள் கணுக்காலில் அடித்தேன். சில்லென்று மூக்கில் ஏறும் அந்த நெடி எழுந்ததும் என் கை நின்றுவிட்டது. “ஏம்பா நிறுத்திட்ட?” என்றாள். என்ன சொல்வது மச்சான்? உன் பெயரை எடுத்தால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

2004இல் கடலூரில் உன்னைத் தெரியாதவர் யார்? மஞ்சக்குப்பம் மைதானத்தில் நம் கால்பந்து கிளப் ஆடினால், நீ காக்கும் கோலுக்குப் பின்னால்தான் கூட்டம் நிற்கும். நான் உனக்கு முன்னால் நிற்கும் டிஃபெண்டர். எவனாவது என்னை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு போனால், “வுடு மச்சான், நான் பாத்துக்கறேன்” என்று உன் குரல் கேட்கும். அதற்குப் பிறகு நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

அந்த வருட அரையிறுதியில் பந்துக்குப் பாய்ந்து இடது தோள் அடிபட விழுந்தாய். இறுதி ஆட்டத்தன்று சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். இடைவேளையில், “முடியல சார், வேற ஆள எறக்குங்க” என்றாய். கிளப் செயலாளர் ஸ்பிரேயை வாங்கித் தன் கையாலேயே உன் தோளில் அடித்தார்.

“இன்னும் கொஞ்ச நேரந்தாம்பா. நீ நின்னாலே அவுங்களுக்கு பயம். முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

நீ நின்றாய். கடைசியில் வந்த பெனால்டியை அதே கையால் தட்டியும் விட்டாய். செயலாளர் கோப்பையோடு ஜீப்பில் ஏறினார். உன்னை என் சைக்கிளில் உட்காரவைத்து நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அதன்பின் அந்தக் கை உன் தலைக்கு மேல் எழவே இல்லை.

பிறகு சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளராகப் போனாய். அண்ணாமலை நகரில் லாட்ஜ் அறை, மெஸ் சாப்பாடு. நான் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் வலக்கையால் பந்தை எறிந்துகொண்டே இருப்பாய். “மத்தவங்கள அவுங்க பாத்துக்கட்டும். எனக்குக் கோல்ல நிக்கிறவன் ஒருத்தன் போதும்” என்பாய். ஜெயித்தால் கல்லூரி வாசலில் வைக்கும் பேனரில் தலைமைப் பயிற்சியாளர் நடுவில் சிரிப்பார். ஓரத்தில்கூட நீ இருந்ததில்லை. “கோல்கீப்பருக்கு எதுக்கு தனியா ஒரு கோச்சு?” என்று அவர் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேலி செய்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. மெஸ்காரர் சொன்னார்.

2011இல் அந்தக் கல்லூரி அணியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தேன். உன் கோல்கீப்பர், கடைசி வருட மாணவன், கம்பத்தில் தலை மோதி விழுந்தான். எழுந்தவனிடம் ஓடிப்போய் என்ன ஸ்கோர் என்று கேட்டாய். தப்பாகச் சொன்னான்.

“இவன மாத்துங்க சார்.”

“மூஞ்சில தண்ணி தெளிச்சா சரியாயிடும்யா. இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்றார் தலைமைப் பயிற்சியாளர்.

“இதையேதான் சார் எங்கிட்டயும் சொன்னாங்க.”

நடுவர் விசிலடித்துக்கொண்டே இருந்தார். நீ நகரவில்லை. அவன் கையுறைகளை நீயே கழற்றி, அவனை அணைத்தபடி வெளியே கூட்டி வந்தாய். “என் மேட்ச்ச கெடுத்துட்டீங்க சார்!” என்று எல்லோருக்கும் கேட்க அவன் கத்தினான். அணி தோற்றது. அன்று மாலையே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் ஸ்கேனில் அவன் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். கல்லூரியிலிருந்து யாரும் உன்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

“அவன் எழுந்து நடக்கறானாம், போதும் மச்சான்” என்று சொல்லிவிட்டு, காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் ஏற்றும் வேன் ஓட்டப் போனாய். அடுத்த வருடம் பண்ருட்டி சாலை வளைவில் வேன் புளியமரத்தில் மோதியது. ஓட்டும்போதே தூங்கிவிட்டாய் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். பட்டப்பகலில் எப்படித் தூங்குவாய்? ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப அந்தத் தோள் விட்டிருக்காது. இதை யாரிடம் சொல்லி நிரூபிப்பது?

இரங்கல் கூட்டத்தில் நம் கிளப் செயலாளர் உன் படத்துக்கு மாலை போட்டு, “வலியைப் பொருட்படுத்தாத வீரன்” என்று பேசினார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இப்போது உன் பெயரில் வருடாவருடம் ஒரு கோப்பை நடத்துகிறார்கள். இந்த முறை செயலாளர் என்னை மேடையில் பேசக் கூப்பிட்டார். மாட்டேன் என்றேன்.

“இன்னுமாப்பா மனசுல வெச்சிருக்க?”

“ஆமா சார், இன்னும்தான்.”

உன் மனைவிகூட, “அவரே மன்னிச்சிட்டாருண்ணா, நீங்க விடுங்க” என்கிறாள். நீ மன்னித்திருப்பாய். அது உன் குணம். நான் மன்னிக்கவில்லை. உனக்குச் செய்தது தப்பு என்று நினைக்க இந்த ஊரில் ஒருவனாவது இருக்க வேண்டும் மச்சான்.