வளையல் அணிந்த கல் கை

இந்த மராத்தி ஊரின் விமான் நகரில் புதிதாகக் கட்டிய அலுவலகக் கட்டடத்தின் வாசலில் இரும்பில் ஒரு பெரிய கை செய்து வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் அதன் விரலில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பென்ஷன் சமாச்சாரமாக அந்தப் பக்கம் போன நான் வந்த காரியத்தை மறந்து நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால், காவலாளி கத்துவதற்குள் கிட்டே போய்த் தடவிப் பார்த்திருப்பாய்.

சிலை, கல் என்றால் உனக்கு அப்படி ஒரு பித்து. ஞாயிற்றுக்கிழமை மனுஷி கொஞ்சம் கூடத் தூங்கட்டுமே என்று விடமாட்டாய். விடிந்ததும் கதவைத் தட்டுவாய். ஒரே பாங்கில், பக்கத்துக் கவுண்டரில், வாரம் பூராவும் பார்த்த முகத்தையே ஞாயிறும் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது. சிவப்பு அரசு பஸ்ஸில் கடக்வாஸ்லா அணையைத் தாண்டி இறங்கி, வரப்பிலும் மண் பாதையிலுமாக நடப்போம். ஊருக்கு ஊர் கோயில் வாசலில் வீரக்கற்கள் நிற்கும். சண்டையில் செத்தவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன். மூக்கும் கண்ணும் தெரியாமல் செந்தூரம் அப்பிய அனுமார் இருப்பார். சாகண் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில், தேய்ந்த கியர்களை ஒட்டிச் செய்த குதிரையைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. "யாரோ மெனக்கெட்டுச் செஞ்சிருக்கறாங்க. நின்னு பாக்கோணுமல்ல புள்ள" என்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில் உன் வீட்டுக்காரர் திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு உன் கொழுந்தனார், வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு எங்களோடு வந்துவிடுங்கள் என்றார். பிள்ளையும் இல்லை, ஒற்றைப் பொம்பளை இந்த ஊரில் என்ன செய்வாள் என்று சொந்தம் முழுக்க அவர் பக்கம். அந்த வேலையும் இந்த ஊரும் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் தனியாகப் படுத்துப் பழக்கமே இல்லை உனக்கு. வெலவெலத்துப் போயிருந்தாய். பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினாய்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கல்லைப் பார்த்தோம். ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது. மேலே தெரிந்தது ஒரு கை மட்டும். முழங்கை மடங்கி, உள்ளங்கையை நமக்குக் காட்டி, அடுக்கடுக்காக வளையல்களோடு. நம் ஊர்க் கோயில்களைப் பார்த்து வளர்ந்த கண் வேறென்ன நினைக்கும்? அம்மனின் அபயக்கரம் என்று இரண்டு பேருமே கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நீ அதன் முன்னால் உட்கார்ந்து, அவர் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாய். "பயப்படாதேங்குது புள்ள" என்றாய். மறுநாளே கொழுந்தனாருக்கு போன் போட்டு, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாய். அப்புறம் மாதம் தவறாமல் பூவோடு அங்கே போனோம்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு, அந்த ஊர்ப் பெண் ஒருத்தி குங்குமச் சிமிழோடு வந்தாள். கல்லுக்கு வைத்தாள், எனக்கு வைத்தாள், வளையல் இல்லாத உன் கையைப் பார்த்ததும் சிமிழை மூடிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே நாலு கேட்டிருப்பேன். நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அவளும் கெட்டவள் இல்லை. நமக்கு விவரம் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு, மராத்தியில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அது அம்மன் இல்லையாம். உடன்கட்டை ஏறிய ஒருத்தியின் கையாம். புருஷனோடு சுமங்கலியாகவே போய்விட்டாள், அதனால்தான் வளையல் உடையவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய். அந்த வாரம் பாங்கில் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட என்னோடு வரவில்லை. போதாக்குறைக்குக் கொழுந்தனார் மறுபடி கூப்பிட வருகிறார் என்று தெரிந்தது. எந்தக் கையை நம்பி இருந்தாயோ அது இப்படியா ஆகித் தொலைய வேண்டும்! நீ கிளம்பிவிடுவாய் என்றே நினைத்தேன்.

ஞாயிறு காலை வழக்கம்போல் கதவைத் தட்டினாய். பையில் ஒரு களைக்கொத்து இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்தாய். கைக்குக் கீழே ஒரு ஆணும் பெண்ணும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் தேய்ந்திருந்தாலும் சின்ன வயசுக்காரி மாதிரிதான் இருந்தது. உன் முந்தானையால் அவள் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டாய்.

"பயந்திருப்பா புள்ள. வேண்டாம், எறங்கி வான்னு ஒருத்தராவது சொல்லியிருக்கோணுமல்ல?"

பிறகு உன் கையை அந்தக் கல் கையின்மேல் வைத்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாய். கொழுந்தனார் வந்தார், உன் கையால் சாப்பிட்டார், தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

அப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தாய். பதவி உயர்வு வாங்கினாய், ரிட்டயர் ஆனாய், முட்டி வலியோடும் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாய். பெரிய தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசிவரை விளக்கை அணைக்காமல்தான் தூங்கினாய் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை நீ கதவைத் திறக்கவில்லை. தகவல் தெரிந்து வந்த கொழுந்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்களோட வந்திருந்தா அண்ணி இப்படித் தனியாப் போயிருக்க மாட்டாங்க" என்றார்.

நல்ல மனிதர், பாசத்தில் சொன்னது. ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் முள்ளாகக் குத்துகிறது. அந்த ராத்திரி நீ யாரையாவது கூப்பிட்டாயோ என்று நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றிவிடுகிறது. அப்போதெல்லாம், கல்லில் நீ முகம் துடைத்துவிட்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் தனியாகப் போகவில்லை. அவளையும் பாசமாகத்தான் அனுப்பி வைத்திருப்பார்கள்.