அண்ணனின் முதுகு

ஞாயிறு, இரவு

இதற்கெல்லாம் பேனாவை எடுத்ததற்கு என்னை நானே மன்னிக்க வேண்டும்.

கல்லூரியிலிருந்தே நான் விரும்பிக் கேட்கும் இசைக்குழு இன்று வண்டியூரில் பாடியது. "நீ படிச்சவதான், இருந்தாலும் துணைக்கு அண்ணன் வரட்டும்" என்றார் அப்பா. கூட்டம் நெருக்கியதும் அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றான். கடைசிப் பாட்டு வரை நகரவில்லை. பாடகி மேடையின் விளிம்புக்கு வந்தபோது எல்லோரும் கத்தினார்கள். நான் பார்த்தது அவன் சட்டையில் பரவிய வியர்வையை.

வீட்டுக்கு வந்ததும், "ஒருத்தன் கைகூட மேல படாமக் கூட்டியாந்துட்டேன்மா" என்றான்.

"எப்படிடி பாடுனாங்க?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

அவனே பதில் சொன்னான். "அந்தப் பொண்ணு செருப்பில்லாம நின்னு பாடுச்சும்மா. அம்புட்டு அழகு."

அது எனக்குத் தெரியாது.

அங்கே வாய்வரை வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுண்ணே.