பாட்டரி ஃபுல்

16 ஜூலை 2002, செவ்வாய்

பையனுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பள்ளிக்கூடப் படியில் விழுந்தானாம். ஹப்சிகுடா ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து என் வீட்டுக்காரர் செல்லுக்கு எத்தனை தடவை அடித்திருப்பேன். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒருத்தி தெலுங்கில் சொன்னாள், இந்தியில் சொன்னாள், இங்கிலீஷிலும் சொன்னாள். மயக்க மருந்து கொடுத்துத்தான் எலும்பைச் சேர்க்க வேண்டும், சரியா என்று டாக்டர் கேட்டார். நான் தனியாகத் தலையாட்டினேன்.

சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்தவர் மாவுக்கட்டைப் பார்த்துப் பதறித்தான் போனார்.

"செல்லை ஏன் அணைச்சு வெச்சிருந்தீங்க?"

"தேவையில்லாதப்ப அணைச்சு வெச்சாத்தான் பாட்டரி உழைக்கும்னு அதோட புக்லயே போட்டிருக்கு."

"தேவைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா உடனே ஆன் பண்ணியிருப்பேனே."

இந்த மனுஷரிடம் என்ன பேசுவது. அவசரத்துக்கு வேண்டும் என்றுதானே அதை வாங்கினோம்.

பையன் தூக்கத்தில் "நொப்பி, நொப்பி" என்று முனகுகிறான். வலிகூட அவனுக்குத் தெலுங்கில்தான் வருகிறது.

படுக்கப் போகும் முன் இவர் செல்லை எடுத்துப் பார்த்தார். "பாட்டரி இன்னும் ஃபுல்லா இருக்கு பாரு" என்றார். பிறகு அதை அணைத்து, உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார்.