ஷேரு குறுக்கே வரவில்லை

5-7-2004, திங்கள்

நேற்றிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி போயிற்று. கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டியாயிற்று. போன மாதம் எங்கள் பார்க்கிங்கிலிருந்து இரண்டு பைக் களவு போனதன் பலன். 'எல்லா மோட்டார் சைக்கிள்களுக்கும் முன்சக்கரத்தில் டிஸ்க் லாக் கட்டாயம். மறதிக்கு மன்னிப்பு இல்லை.' கடைசி வரி என் சொந்தச் சரக்கு. பார்க்கிங் கமிட்டித் தலைவர் நான்தான். ஒரே உறுப்பினரும் நான்தான். சொசைட்டி செக்ரட்டரி, ரிட்டையர்டு கர்னல், படித்துவிட்டுக் கை குலுக்கினார். விரல்கள் இன்னும் வலிக்கின்றன.

எனக்கும் ஒன்று பூனா கேம்ப் பஜாரில் வாங்கினேன். உள்ளங்கை அளவு, மஞ்சள் நிறம். பிரேக் தட்டின் ஓட்டையில் மாட்டிவிட்டால் சக்கரம் முழுதாகச் சுற்றாது. எமனே வந்தாலும் வண்டியைத் தள்ள முடியாது.

6-7, செவ்வாய்

விழுந்தேன்.

காலை 8.50. மழைக்கோட்டு, ஹெல்மெட், பை எல்லாம் சரி. கிக்கர், ஃபர்ஸ்ட் கியர். வண்டி ஒரு முழம் போய் டக்கென்று நின்றது. நான் நிற்கவில்லை. இடது முட்டி, இடது முழங்கை, டிபன் பாக்ஸ். சாம்பார் கேட் வரை ஓடியது.

பூட்டைக் கழற்றவில்லை. சுற்றறிக்கை ஒட்டி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

பார்த்தது வாட்ச்மேன் ஜாதவ் ஒருவர்தான். தூக்கிவிட்டு, பூட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஹோதா ஹை, சாப்" என்றார், இதெல்லாம் நடக்கிறதுதான் என்று. அந்த 'ஹோதா ஹை'க்கு அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

மேலே போனால் வடிவு கதவைத் திறந்தவுடன், "ஐயய்யோ, என்னங்க ஆச்சு? ஏன் நொண்டுதிய?"

"நாய் குறுக்கே வந்துட்டு."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது. வாய் முந்திக்கொண்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக அவள் குடை மறந்ததையும் சாவி மறந்ததையும் சொல்லிக்காட்டி வருகிறவன் நான். நடந்ததை எந்த முகத்தோடு சொல்வது?

பாங்கில் மழையில் சறுக்கியதாகச் சொன்னேன். ஒரு தடவை விழுந்ததற்கு இரண்டு காரணம்.

7-7, புதன்

முட்டி வீக்கம். தைலம். மாடி ஏறுவது கஷ்டம், இறங்குவது அதைவிட.

வடிவு: "எந்த நாயி?"

நான்: "பழுப்பு நாய்."

எங்கள் காம்பவுண்டில் இருப்பதே ஒரே ஒரு நாய்தான், அதுவும் பழுப்பு என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஷேரு. கேட்டில் ஜாதவின் ஸ்டூலுக்கு அடியில் கிடக்கும். நேற்று நான் விழுந்தபோதும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் மகள் பிரியா: "அப்பா, ஷேரு எப்படி உங்க முன்னால வந்தது? அவன் மார்னிங் ஃபுல்லா தூங்குது."

"தமிழை ஒழுங்காப் பேசு" என்றேன்.

8-7, வியாழன்

வடிவு மூன்றாம் மாடியில் சொல்லியிருக்கிறாள். அந்தச் செய்தி மாடி மாடியாக ஏறி இறங்கியதில், காலையில் நாய் துரத்தியது. மதியம் பாய்ந்தது. சாயங்காலம் கடித்துவிட்டது. கர்னல் போன் செய்து ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். கடிக்கவில்லை என்று மூன்று முறை சொன்னேன்.

"யூ ஆர் டூ கைண்ட்" என்றார். "நான் ஆக்‌ஷன் எடுக்கிறேன்."

கேஸ் சிலிண்டர் இன்னும் புக் செய்யவில்லை.

9-7, வெள்ளி

என் சுற்றறிக்கைக்குப் பக்கத்திலேயே கர்னலின் நோட்டீஸ். ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். (1) நாய்த் தொல்லை. (2) பார்க்கிங். நாய் பிடிக்கும் வண்டிக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்றாம், திங்கட்கிழமை வருமாம். பட்டாளத்துக்காரர் இப்படித்தான், முதலில் சுட்டுவிட்டுப் பிறகு கூட்டம் போடுவார்.

பிரியா என்னோடு பேசவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்டது.

பார்க்கிங்கில் ஷேரு என்னிடம் வந்து வாலை ஆட்டியது. என் காயத்தை முகர்ந்து பார்த்தது. ஐம்பது வயதில், வாயில்லா ஜீவன் ஒன்றின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். கேவலமாக இருந்தது.

10-7, சனி

மழை இல்லை. காலையில் காய்கறி மண்டிக்கு. வடிவு பின்னால் ஏறினாள், கையில் மூன்று பை. கிளட்சை விட்டேன். வண்டி ஒரு முழம் போய் டக்.

மறுபடியும்!

இந்த முறை காலை ஊன்றிவிட்டேன். வடிவு குதித்து இறங்கி, முன்சக்கரத்தைப் பார்த்தாள். மஞ்சள் பூட்டு. ஸ்டூலுக்கு அடியில் ஷேரு.

"ஏங்க. இதுல நாயி எங்க இருக்கு?"

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நடந்தே மண்டிக்குப் போய், வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்து வாங்கி, திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல வாயத் தொறக்காதிய. மூணாம் மாடி, அஞ்சாம் மாடி மாதாஜி, எல்லார்ட்டயும் நான்தான் போயிச் சொன்னேன். இப்ப நான் பொய்க்காரின்னு ஆயிரும்."

"அப்ப ஷேரு?"

கேட் பக்கம் வந்ததும் நின்று, ஷேருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போய்விட்டாள். சொல்லச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? கேட்கத் தைரியம் இல்லை.

11-7, ஞாயிறு

கூட்டம். டெரஸில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா. சட்னி புளிப்பு.

கர்னல் அரை மணி நேரம் நாயின் ஆபத்தைப் பற்றிப் பேசினார். சாட்சியாக என் முட்டியைக் காட்டச் சொன்னார். எழுந்தேன். பேண்டை மடித்துவிட்டுக் காயத்தைக் காட்டிக்கொண்டே, "குத்தே நே நஹீ கிராயா" என்றேன். நாய் தள்ளவில்லை. பிறகு இங்கிலீஷ், கொஞ்சம் மராத்தி, எது வாயில் வந்ததோ அது. பூட்டைக் கழற்ற மறந்தேன். வெட்கப்பட்டு நாயைச் சொன்னேன். என் மனைவிக்குத் தெரியாது, அவள் நான் சொன்னதை நம்பினாள்.

பேண்டை இறக்கிவிட மறந்து அப்படியே நின்றிருக்கிறேன்.

சிரிப்பு. அஞ்சாம் மாடி மாதாஜிப் பாட்டிக்கு இருமலே வந்துவிட்டது. ஆனால் ஆறு பேர் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமோசா கொண்டுவந்த ஜாதவ் பிறகு காதில் சொன்னார்: என் சுற்றறிக்கைக்குப் பிறகு அந்த ஆறு பேரும் விழுந்தவர்கள்தான். ஒருவர் பாத்ரூம் என்றாராம், ஒருவர் கிரிக்கெட் என்றாராம்.

கர்னல் தொண்டையைக் கனைத்தார். "ஐட்டம் நம்பர் டூ. பார்க்கிங். இந்த லாக் ரூலைப் போட்டது யார்?"

மறுபடியும் எழுந்து கையைத் தூக்கினேன்.

நாய் தீர்மானம் ரத்து. ஆனால் நாய் பிடிக்கும் வண்டியை வராமல் நிறுத்த முடியாதாம், ஞாயிற்றுக்கிழமை அங்கே போன் எடுக்க ஆள் இல்லையாம். புகார் பதிவானால் நாயைப் பிடிக்காமல் விடமாட்டார்களாம். என் தலையில் இடி. உண்மையைச் சொல்லியாயிற்று, இருந்தும் நாய் போகப்போகிறது.

பிரியா சாப்பிட வரவில்லை. வடிவு அவள் அறைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

12-7, திங்கள்

கனத்த மழை. பாங்குக்கு லீவு சொன்னேன். காரணம்: முட்டி. இதுவாவது உண்மை.

9.40க்கு வண்டி வந்தது. பால்கனியிலிருந்து பார்த்தேன், வலையோடு இரண்டு பேர். செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினால், படியில் எதிரே வடிவு. நனைந்த புடவை. இரண்டு கையாலும் ஷேருவைக் கட்டித் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருகிறாள். முன்னால் பிரியா, கதவைத் திறக்க. வாசற்படியில் நாய் கால் வைத்தால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவள் வடிவு.

"ஒதுங்குங்க. வழி விடுங்க."

பாத்ரூமில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். பிரியா உள்ளே, ஷேருவுக்குத் துணை.

பெல் அடித்தது. வலைக்காரர், பின்னால் ஜாதவ் எதுவுமே தெரியாத முகத்தோடு. நாய் இந்தப் பக்கம் ஓடி வந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு என்னைப் பின்னால் தள்ளிவிட்டு வாசலை அடைத்து நின்றாள். பூனாவில் பதினாறு வருடத்தில் சேர்த்த இந்தி முழுவதும் ஒரே மூச்சில் வந்தது:

"பையா, இதர் குத்தா நஹீ. மேரா ஆத்மீ ஹை. வஹீ கிர்த்தா ஹை."

அண்ணா, இங்கே நாய் இல்லை, என் புருஷன்தான் இருக்கிறார், விழுகிறவர் அவர்தான்.

வலைக்காரர் என் முட்டியைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினார்.