பின்சிறகில் ஒரு வட்டப் புள்ளி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீ போனில் நலம் என்று சொன்னாலும் நடுவில் இரண்டு முறை இருமினாய், அதனால் முழுதாக நம்பவில்லை, டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது. அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, மருந்தாலா நடையாலா என்று சொல்ல முடியவில்லை, இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துத் தொலைத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்து மாடிப்படி விளக்குக்குக் கீழே காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்து இணையக் குழுவில் போடுகிறேன் என்றதும், "ஏம்மா, பட்டாம்பூச்சி கெடைக்கலையா உனக்கு" என்று சிரித்தாயே. அதில் ஒன்று காய்ந்த இலை மாதிரி சிறகை மூடி உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் பதிவாகாத இனமாக இருக்கலாம் என்று எழுதிப் போட்டேன். குழுவில் பெயர்களைச் சரிபார்ப்பவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். "எல்லா எடத்துலயும் இருக்கிற சாதாரண இனந்தாங்க மேடம், புதுசா பாக்குறவங்களுக்கு எல்லாமே அபூர்வமாத்தான் தெரியும்" என்று எழுதிப் பேச்சை முடித்துவிட்டார். அவர் சொன்ன இனத்துக்கும் நான் நினைத்த இனத்துக்கும் வித்தியாசம் ஆரஞ்சு நிறப் பின்சிறகில் இருக்கிறது. சாதாரணமானதற்கு வளைந்த கறுப்புப் பட்டை, மற்றதற்கு வட்டமான கறுப்புப் புள்ளி. மூடிய சிறகில் தெரியாததை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன், கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. என்னிடமும் ஆதாரம் இல்லைதான். கொண்டுவருகிறேன், நான் சொன்னது தவறென்றால் இங்கேயே எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். நான் அப்படி வாய்விடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்த வாரமே ஆய்வக வேலிக் கொடியில், உடம்பில் கண் வரைந்த மாதிரி வட்டங்களுள்ள புழு ஒன்று கிடைத்தது. இரண்டு இனத்துக்கும் புழு இப்படித்தான் இருக்கும், எது என்று சிறகு வந்தால்தான் தெரியும். கொடியின் இலைகளோடு பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "சாப்புடுற எடத்துல புழுவா, நல்லாருக்கு" என்று அப்பா தட்டோடு ஹாலுக்குக் குடிபோனார். புழு தின்று கொழுத்து, இலைகளை நூலால் இழுத்துச் சேர்த்து, உள்ளே கூட்டுப்புழுவாக அடங்கியது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கிறது. "புழு எங்கயோ ஓடிப்போச்சு, வெறும் சருகுதான் கெடந்துச்சு, கொட்டிட்டேன்" என்றார் அப்பா. செய்தித்தாளை விரித்துக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். வெங்காயத் தோலுக்கு நடுவில் அந்த இலைப்பொட்டலம் நசுங்காமல் இருந்தது. காதருகே வைத்தேன், உள்ளே நெளியும் சத்தம் கேட்டது. அதன்பின் டப்பாவுக்குக் காவல் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே வந்தது. சிறகு விரிந்து காயும்வரை காத்திருந்து, உன் பழைய வர்ணத் தூரிகையின் நுனியால் முன்சிறகை மெல்ல நகர்த்தினேன். அப்பா டார்ச் பிடித்தார். "வட்டந்தான்டி, சந்தேகமே வேணாம்" என்று எனக்கு முன்னால் அவரே தீர்ப்புச் சொன்னார். படமெடுத்தபின் அதை வேலிக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

படங்களைப் போட்டதும் வாத்தியார், "தப்பு என்னோடது மேடம், பாக்காத சிறகுக்குப் பேர் வச்சிட்டேன். இனிமே சந்தேகமான படமெல்லாம் உங்ககிட்டயும் காட்டட்டுமா" என்று குழுவிலேயே கேட்டார். காட்டுங்கள் என்றேன். மாடிப்படி விளக்குக்குக் கீழே முதலில் பார்த்ததும் இதே இனம் என்பதற்கு இப்போதும் ஆதாரம் இல்லை, அதைச் சந்தேகப் பட்டியலிலேயே வைக்கச் சொன்னேன். "ஜெயிச்ச பிறகும் அதை ஏன் விட்டுக்குடுக்குற" என்று அப்பாவுக்கு வருத்தம். அது தனிப் பூச்சி, தனிக் கேள்வி. ஆனால் டப்பாவில் வளர்த்தது சந்தேகமில்லாமல் நான் சொன்ன இனந்தான். அந்த இனம் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று குழு காட்டும் வரைபடத்தில் நம் பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது, இப்போது ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அதைத் தொட்டால் என் பெயர் வருகிறது. யாரும் பார்க்காதபோது நாலைந்து தடவை தொட்டுப் பார்த்தேன் கண்ணு.

உடம்பும் மனசும் தெம்பாக நீ நீடூழி வாழ வேண்டும். இருமலுக்கு மருந்து வாங்க மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா