ஹாட்ஜெட்ஸ் என்ற பெயரில் ஒரு கடிதம்

மார்ச் 4, செவ்வாய். டட்லி, இங்கிலாந்து

மணிக்கட்டில் மூன்றாவது ஊசி. "எழுபத்திரண்டு வயசுல டிரம்ஸ் அடிக்கணும்னு யார் அழுதா?" என்று கேட்டாள் டாக்டரம்மா. ஊறுகாய் ஜாடியைக்கூட ஹிலரிதான் திறந்து தருகிறாள், என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு.

வீட்டுக்கு வந்தால் வெர்னன் போன். "டேய் அலெக், ஆஷ்மியர் இசை விழாவுல சனிக்கிழமை கடைசி நிகழ்ச்சி நம்மளுதுடா. போஸ்டர்ல எல்லாத்துக்கும் மேல நம்ம பேருதான்." பாடகன் அல்லவா, போனிலும் மைதானத்துக்கே கேட்கும்படிதான் பேசுவான். சந்தோஷம் என்றேன். போனை வைத்துவிட்டு மணிக்கட்டில் ஐஸ் வைத்தேன்.

மார்ச் 5

முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்கிறாள் ஹிலரி. 1975இல் பப்பில் பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையின் பின்புறம் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். நால்வரும் மேடையில் இருந்தால்தான் எங்கள் குழுவுக்கு 'ஃபர்னஸ் லேன்' என்ற பெயர். ஒருவன் இறங்கினாலும் அந்தப் பெயர் கிடையாது. பிறகு ஒரு வக்கீல் அதை முறையாக எழுதியும் தொலைத்தார். அப்போது எங்களுக்கு இருபத்திரண்டு வயது. கிழவர்கள் ஆவோம் என்று யாருக்குத் தோன்றியது?

நான் இறங்கினால் வெர்னனுக்குக் கோபம் வரும், வரட்டும். கிட்டார் வாசிக்கும் கீத் சமாளித்துக்கொள்வான். ஆனால் பேஸ் கிட்டார் வாசிக்கும் டென்னிஸ்? மனைவி போன பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதே வியாழக்கிழமை ஒத்திகைக்குத்தான். அதையும் நான் பிடுங்குவதா? புலி வாலைப் பிடித்த கதை.

மார்ச் 20, வியாழன்

இசை வார இதழில் விவாதம். 'இந்தத் தாத்தாக்களுக்கு இன்னும் பெரிய விழாக்களின் உச்சியில் நிற்கத் தகுதி உண்டா?' எங்கள் படத்தையே போட்டிருக்கிறார்கள். வரிக்கு வரி தலையாட்டிக்கொண்டே படித்தேன்.

மார்ச் 21

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன். பக்கத்து ஊர் டிப்டனிலிருந்து பி. ஹாட்ஜெட்ஸ் என்று பொய்ப் பெயரில் இதழுக்கு ஒரு கடிதம். ஐம்பது வருடமாக அதே பன்னிரண்டு பாட்டு, போதும், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. விழாக்காரர்கள் பயந்துபோய் எங்களைக் கழற்றிவிட்டால் பழி யார் தலையிலும் விழாது.

ஏப்ரல் 3, வியாழன்

கடிதம் இதழில் வந்துவிட்டது. ஒத்திகையில் வெர்னன் உரக்கப் படித்தான். 'மூன்றாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் டிரம்ஸ்காரர் 1986 முதல் ஓர் அடியை விழுங்கிவருகிறார்.' அங்கே நிறுத்தினான்.

"இத்தனை வருஷமா முன்னாடி நின்னு பாடுறேன், எனக்கே தெரியாது. கீத், உனக்கு?"

"தெரியாது."

"டென்னிஸ்?"

டென்னிஸ் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"அப்ப இந்த ஹாட்ஜெட்ஸ் எங்க உட்கார்ந்துடா கேட்டான்? உன் ஸ்டூல்லயா?"

நுணலும் தன் வாயால் கெடும். கையை நீட்டிக் காட்டினேன். விரல்கள் முழுதாக விரியவில்லை.

"மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றான் வெர்னன்.

விடுதலை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஏப்ரல் 10

வரவில்லை. வெர்னன் வழி கண்டுபிடித்துவிட்டான். "மேடையில நாலு பேர் இருக்கணும்னுதானே ஒப்பந்தம்? நாலு பேரும் வாசிக்கணும்னு இல்லியே." என் டிரம்ஸுக்கு மைக் கிடையாதாம். கறுப்புத் திரைக்குப் பின்னால் இன்னொருவர் அடிப்பார். நான் முன்னால் உட்கார்ந்து கையை வீசினால் போதும்.

போடா என்று எழுந்து வந்திருக்க வேண்டும். டென்னிஸ் முகத்தைப் பார்த்தேன். சரி என்றேன்.

மே 22

திரைக்குப் பின்னால் அடிக்கப்போகிறவள் பெயர் ப்ரான்வென் ப்யூ. வேல்ஸ்காரி, இருபத்தாறு வயது. என் பாட்டுகளை என்னைவிட நன்றாக அடிக்கிறாள். நான் விழுங்கும் அந்த ஓர் அடியைக்கூட விழுங்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். "அதை அடிச்சா நீங்க இல்லைன்னு கண்டுபிடிச்சிருவாங்க."

அவளுக்கும் சொந்தக் குழு இருக்கிறது. அதே விழா, அதே சனிக்கிழமை, மூன்றாம் கூடாரம், பகல் பன்னிரண்டு மணி. கண்ணாடி போட்டும் போஸ்டரில் பெயர் கிடைக்கவில்லை.

"கீழேயிருந்து ரெண்டாவது வரி. நீங்கள்லாம் எப்ப எடத்தைக் காலி பண்ணுவீங்க, அலெக்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"விட மாட்டேங்கிறாங்கம்மா."

ஜூன் 17

கண்ணாடி முன் கை வீசிப் பழகினேன். ஹிலரி எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று பகலில் மூன்றாம் கூடாரத்துக்குப் போனேன். மிஞ்சிப்போனால் தொண்ணூறு பேர், அதில் பாதி மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டது. ஒருவரும் போகவில்லை.

எங்களுக்கு அறுபதாயிரம் பேர். டிரம் தோலில் பட்டும் படாமலும் குச்சியை வீசிக்கொண்டிருந்தேன். வெர்னன் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியபோது எனக்குத்தான் பெரிய ஆரவாரம். எழுந்து தலை வணங்கினேன் — முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண். இவ்வளவு வெட்கம் நான் பட்டதே இல்லை.

ஜூலை 17, வியாழன்

இதழில் விமர்சனம். 'குரல் தளர்ந்துவிட்டது, கிட்டார் களைத்துவிட்டது. உச்சியில் நிற்க இன்னும் தகுதி உள்ளவர் ஒருவர்தான்: டிரம்ஸ் வாசிக்கும் அலெக் ஃபெல்லோஸ்.'

வெர்னன் போன். "பாத்தியாடா? அடுத்த வருஷம் ரெண்டு விழாவுல கேக்குறாங்க. உன்னாலதான்."

சாகிற வரைக்கும் இதானா? ஏன்டா என்னை விட மாட்டேங்கிறீங்க?

ஜூலை 18

காலையிலேயே டென்னிஸ் வீட்டுக்குப் போய், இதழுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'நீங்கள் புகழ்ந்த கைகள் என்னுடையவை அல்ல. அவை ப்ரான்வென் ப்யூவுடையவை. அன்று பகல் மூன்றாம் கூடாரத்தில் வாசித்தவர்.'

அவன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"இது வந்தா நம்ம குழு அவ்வளவுதான்."

"ஆமா."

"அப்ப வியாழக்கிழமை?"

"பப்புல டாமினோ ஆடலாம். ஹிலரியும் வர்றா."

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நான் என்ன, பாட்டுக்காகவா வந்துட்டிருந்தேன்?"

எனக்கு விரல் மடங்கவில்லை. உறையை அவன்தான் ஒட்டினான்.

ஜூலை 24, வியாழன்

கடிதம் இதழில் வந்திருக்கிறது. அடியில் என் பெயர், என் ஊர். அவள் பெயரையும் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள்.

வெர்னன் போனை எடுக்கவில்லை. பப்புக்கும் வரவில்லை. டென்னிஸ் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு ஆட்டம் தோற்றேன்.